மூன்றாவது வரிசை மஞ்சள்

படம் மங்கலாகத் தெரிந்ததும் கண்ணாடிக்காரர் முதலில் சந்தேகப்பட்டது தம் கண்ணைத்தான். முப்பது வருஷம் ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்தவர். சோதனை லென்சுகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். எதிரே இருந்த காலி நாற்காலி தேவைக்கு மேலேயே துல்லியமாகத் தெரிந்தது. கணினித் திரையில்தான் மேடையில் நின்ற அவருக்கு மூக்கைக் காணோம்.

போன வருஷம் கண்ணாடி வியாபாரிகள் சங்கம் அவருக்குக் கேடயம் கொடுத்த விழா அது. தலைவர் முதல் மைக்செட்காரர் வரை எல்லோருக்கும் நன்றி சொன்னவர், மனைவியை மட்டும் விட்டுவிட்டார். படத்தில் அழகாக விழவேண்டுமென்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேடையேறியதால், அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்பதும் தெரியவில்லை. வீடு திரும்பியபின் அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. நாலே மாதத்தில் அவள் கண்ணை மூடிவிட்டாள்.

பக்கவாட்டிலிருந்து எடுத்த அந்தப் படத்தில், மூன்றாவது வரிசையில் ஒரு மஞ்சள் கறை. அன்று அவள் மஞ்சள்தான் உடுத்தியிருந்தாள். அந்த முகத்தை ஒருதரம் பார்த்தாக வேண்டும்.

விழாவை இணையத்தில் ஏற்றிய சங்கத்துப் பெண்ணுக்குப் போன் போட்டார்.

"தெளிவா எதுக்கு சார்?"

"சும்மாதாம்மா. பொழுது போகல."

"வீடியோவுக்குக் கீழ ஒரு பல்சக்கரம் இருக்கும், அமுக்குங்க. குவாலிட்டி ஆட்டோல இருக்கும். ஆயிரத்து எண்பதுக்கு மாத்துங்க."

மாற்றினார். மூக்கு வந்தது. வந்த வேகத்தில் படம் நின்று, நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"அப்ப பிரவுசர் பழசையெல்லாம் சேத்து வச்சிருக்குமே, அந்தக் கேஷை க்ளியர் பண்ணுங்க."

செய்வதைத் திருந்தச் செய்வோம் என்று கண்ணில் பட்ட கட்டத்திலெல்லாம் டிக் அடித்தார். பாஸ்வேர்டெல்லாம் மாயம். மின்னஞ்சல், 'நீங்கள் யார்?' என்று கேட்டது. இரண்டு நாளாக அந்த வீட்டில் அவரிடம் யாராவது ஏதாவது கேட்டார்கள் என்றால் அது அந்த ஒரு கேள்விதான்.

"ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்னு ஒண்ணு இருக்கும் சார். ஆஃப் பண்ணிப் பாருங்க."

இப்போது குரல் முன்னால் ஓடியது, படம் பின்னால் நொண்டியது. நன்றியுரை முடிந்த பிறகும் திரையில் அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அந்த அவகாசத்திலாவது அவள் பேரைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"கடைசியா, வேற பிரவுசர்ல போட்டுப் பாருங்க."

போட்டார். கண்ணாடி துடைத்தாற்போல் அரங்கமே தெரிந்தது. மூன்றாவது வரிசையில், நாற்காலி முதுகில் யாரோ மாட்டிய மஞ்சள் மழைக்கோட்டு.

வரிசை வரிசையாக நிறுத்திப் பார்த்தார். அவள் எங்குமே இல்லை. கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறாள். இனி யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

"சரியாயிடுச்சும்மா. ரொம்ப நன்றி," என்றார்.

"முழுசும் நல்லா ஓடுதா சார்?"

"நன்றி சொல்லி முடிச்சுட்டு இறங்குற இடத்துல மட்டும் படம் குலுங்குது. போகட்டும், விடு."

"அதுக்கு எந்த பிரவுசராலயும் ஒண்ணும் பண்ண முடியாது சார். அன்னிக்குக் கேமராக்காரர் வரல, என் போனை வாங்கி எடுத்ததே உங்க வீட்டம்மாதான். 'பாரேன், என்னை மட்டும் மறந்துட்டு இறங்குவாரு'ன்னாங்க. நீங்க அப்படியே இறங்குனதும், வாயைப் பொத்திக்கிட்டு அவங்க சிரிச்ச சிரிப்புலதான் அது குலுங்குது."