இரண்டு வீட்டில் ஒரே முகவரி

இனிமேல் இந்த வீட்டில் யாரும் கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது என்று உடையப்பன் சட்டம் போட்டது 2009 நவம்பரில். ஷார்ஜா முவைலாவில் ஒற்றைப் படுக்கையறை வீடு. ஹாலில் இருப்பதே ஒரு மேசைதான். அதன் மேல் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெட்டி இரவு பகலாக இரைந்தது. சூடாகிறதாம், ஏசியும் அதற்கே. கம்ப்யூட்டரை ஓடவிட்டாலே சேருமாம் பிட்காயின் என்ற புதுக் காசு; அந்தச் சங்கதியை இன்டர்நெட்டில் படித்த நாளிலிருந்து மனுஷன் இப்படித்தான். அன்றைய தேதிக்கு அந்தக் காசை நீட்டினால் கஃபேட்டீரியாக்காரர் ஒரு சாயாகூடத் தந்திருக்க மாட்டார்.

துபாய் ஜெபல் அலி துறைமுகத்தில் ஒரு கிடங்கின் சரக்குப் பதிவுகள் அவர் பொறுப்பு. எதற்கும் நகல் எடு, நகலை வேறு கட்டிடத்தில் வை என்பது அங்கே விதி. அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். வியாழக்கிழமைதோறும் நகல் எடுக்க வேண்டும்; அன்றைக்குக் கம்பெனி பஸ் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ளும் என்பதால் அந்த வேலை மனைவி வசந்தகுமாரி தலையில் விழுந்தது. கம்ப்யூட்டரில் பிட்காயின் பணப்பையாக இருக்கும் ஃபைலை அவள் பென் டிரைவில் நகல் எடுத்து, எதிர்வீட்டு பத்ருன்னிசாவின் அலமாரியில் வைத்துவிட்டு வருவாள்.

வசந்தகுமாரிக்கு வேண்டியதோ அந்த மேசை. ஊரில் டீச்சராக இருந்தவள். இங்கே வந்து ஆறு வருஷமாகச் சாக்பீஸைத் தொடவில்லை. கட்டிடத்தில் எட்டுப் பிள்ளைகள். "உம்மா", "அம்மா" தவிர மற்றதெல்லாம் இங்கிலீஷ். சனிக்கிழமைதோறும் தமிழ் சொல்லித் தருகிறேன் என்று தாய்மாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி மலர்ந்தது என்பதை உடையப்பனும் பார்த்தார். பார்த்துவிட்டுப் பெட்டியின் தூசியைத் துடைத்தார்.

"என்னங்க, அதைக் கொஞ்சம் இறக்கி வைங்களேன்."

"இறக்கறதா? இதுக்குள்ள என் முகவரி இருக்கு வசந்தா!"

"முகவரிதான் வாசக்கதவுலயே இருக்கே, முந்நூத்தி நாலு."

"அது வீட்டுக்கு. இது பணப்பைக்கு. முப்பத்தி நாலு எழுத்து. யாரையும் கேக்காம மெஷின் தானே ஒரு நம்பரை எடுத்துப் போட்டது."

"யாரும் பதிஞ்சு வெக்கலையா? அப்ப இதே முகவரி இன்னொரு வீட்டுலயும் வந்துட்டா?"

இந்தக் கேள்விக்குத்தான் உடையப்பன் ஒரு மாதமாகக் காத்திருந்தார். அவளை ஜன்னலுக்கு அழைத்துப் போனார். கட்டிடங்கள் முடியும் இடத்தில் பாலைவனம் மஞ்சளாகக் கிடந்தது.

"அந்த மணலைப் பாரு. இங்கேருந்து சவூதி கடைசி வரைக்கும் அதேதான். அதுல ஒரு மணலை எடுத்து உடைச்சா, உள்ள இதே அளவு ஒரு பாலைவனம் இருக்குன்னு வெச்சுக்க. ஒவ்வொரு மணலுக்குள்ளயும். அத்தனையும் எண்ணி, மணலுக்கு ஒரு முகவரி குடுத்தாலும் மிச்சம் கிடக்கும். ஒண்ணு போட்டு நாப்பத்தெட்டு சைபர்!"

அவர் குரல் தழுதழுத்தது. வசந்தகுமாரி ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"ஆத்தாடி!" என்றாள். பிறகு, "ஆனாலும் இன்னொரு வீட்டுல வந்துட்டா?"

"வந்தா மேசை உனக்கு. என் கையாலேயே இறக்கி வெக்கறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா!"

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் பத்ருன்னிசா கதவைத் தட்டினாள்.

"அண்ணே, உங்க பிட்காயினை எங்க கம்ப்யூட்டர்லயும் போட்டேன். ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

உடையப்பன் போனார். வசந்தகுமாரி அவர் முகவரி எழுதிய தாளைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். அவர் திரையில் விரல் வைத்துப் பார்த்தார். பத்தாவது எழுத்தில் வியர்த்தது. இருபதாவதில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தி நாலாவதும் பொருந்தியபோது அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"பத்ரு... இதை எத்தனை மணிக்கு ஓட விட்டே?"

"மணி யாரு பாத்தா? மீன் ஆணத்துக்குத் தேங்கா அரைச்ச கையோட."

மீன் குழம்பு, தேங்காய் என்று பயபக்தியோடு தாளில் குறித்துக்கொண்டார். உலகம் தோன்றியதிலிருந்து நடக்காத ஒன்று, உலகம் அழிவதற்குள் நடக்கவே வாய்ப்பில்லாத ஒன்று, முவைலாவில் மூன்றாவது மாடியில் நடந்திருக்கிறது! உடம்பெல்லாம் புல்லரித்தது. வீட்டுக்கு வந்து தன் கையாலேயே பெட்டியை அணைத்து, இறக்கி, கட்டிலுக்கு அடியில் தள்ளினார். துளி வருத்தமில்லை. இவ்வளவு பெரிய அதிசயத்தைப் பார்த்தவனுக்கு மேசை ஒரு பொருட்டா?

மறுநாள் அரை நாள் டியூட்டி. பஸ்ஸில் பக்கத்து சீட் காதர் மைதீனிடம் சொன்னார். அவர் அதே கிடங்கில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர். காதர் மைதீன் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

"அண்ணே, நகல் யாரு எடுக்கறது?"

"வசந்தாதான்."

"எங்க வெக்கறாங்க?"

"எதிர்வீட்டு பத்ருன்னிசா..."

உடையப்பன் வாயை மூடினார். காதர் மைதீன் ஜன்னல் பக்கம் திரும்பி, தோள் குலுங்கக் குலுங்க வெளியே பார்த்தார். இரண்டு முகவரி ஒன்றாக வரவில்லை. ஒரே பணப்பையின் நகலைத்தான் எதிர்வீட்டில் திறந்திருக்கிறார்கள்!

மூன்று மணிக்கு மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்தார். மேசையைச் சுற்றி எட்டுப் பிள்ளைகள். சுவரில் சின்னக் கரும்பலகை. கையில் சாக்பீஸோடு வசந்தகுமாரி. ஆறு வருஷத்தில் அவளை இவ்வளவு அழகாக அவர் பார்த்ததில்லை. இருந்தாலும் கோபம் கோபம்தானே.

"இது மோசடி!"

"மோ-ச-டி. நல்ல சொல். எல்லாரும் எழுதுங்க" என்றாள் வசந்தகுமாரி.

எட்டுப் பென்சில்கள் ஓடின.

"வசந்தா, நான் சொன்னது என்னன்னா..."

"இன்னொரு வீட்டுல வந்தாங்கறதுதானே பந்தயம்? வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. ஆனா அது எப்படி..."

"பாடம் நடக்குதுங்க. கேள்வி இருந்தா கையைத் தூக்குங்க."

உடையப்பன் தூக்கினார். அவருக்கு முன்னாலேயே எட்டுக் கைகள் உயர்ந்திருந்தன.