முப்பது ராத்தல் பதில்

“என்னோட வந்துருவியா?” என்று கணேசமூர்த்தி கேட்டது மாசி மாதத்தில், எடை போடும் கொழுந்து மடுவத்துக்குப் பின்னால். அவன் நோர்வூட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை. காளியாயி அங்கே கொழுந்து பறிப்பவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆம்பிளையிடம் நேருக்கு நேர் பதில் சொல்ல அவளுக்கு நாக்கு எழாது.

அதற்கும் அவனே வழி சொன்னான். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆக முப்பது எழுத்து. அ ஒரு ராத்தல், ஆ இரண்டு, இப்படியே போய் ன முப்பது. ஒரு நாளில் அவள் பறிக்கும் மொத்தக் கொழுந்துதான் அன்றைய எழுத்து. அந்தியில் எடையைக் கூப்பிடும்போதே அவன் அதை எழுத்தாக்கிக்கொள்வான்.

“காலு, கொம்பு, புள்ளியெல்லாம் நான் போட்டுக்கிறேன். நீ எழுத்த மட்டும் பறிச்சுக் குடு புள்ள.”

“‘ஆமா’ன்னு பறிச்சாப் பத்தாதுங்களா?” என்று அவள் தரையைப் பார்த்துக் கேட்டாள்.

ஆவன்னாவுக்கு ரெண்டு ராத்தலோடு வந்து நின்றால் கங்காணி தோலை உரித்துவிடுவார் என்றான். ‘வருவேன்’ என்று சொல்லச் சொன்னான். வ, ர, வ, ன. இருபத்தாறு, இருபத்துநாலு, இருபத்தாறு, முப்பது. நாலே நாள். ஓர் எழுத்து பிசகினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

காளியாயிக்கு அவசரம் இருந்தது. அக்கரப்பத்தனையில் இரண்டு பிள்ளைகளோடு பெண்சாதியை இழந்து நின்ற ஒருவருக்கு, சித்திரை முடிவதற்குள் அவளைக் கொடுத்துவிட அப்பா பேசிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் இருபத்தாறு, சரியாக. இரண்டாம் நாள் மழை. இருபத்துநாலு பறித்தாள். ஈரக் கொழுந்துக்குத் தண்ணிக் கழிவு என்று இரண்டு ராத்தல் போயிற்று.

“இருபத்திரெண்டு” என்றான் கணேசமூர்த்தி, முகம் மாறாமல்.

ர என்பது ம ஆகிவிட்டது. மறுபடியும் வ.

அடுத்த தடவை, கழிவுக்கென்று இரண்டு ராத்தல் கூட்டிப் பறித்தாள். பளீரென்று வெயில் அடித்தது. கழிவே இல்லை. அதற்கடுத்த தடவை கூடிப்போனதைத் தேயிலைச் செடிக்கடியில் கொட்டினாள். கங்காணி மாயாண்டி பார்த்துவிட்டார். கொட்டியதைப் பொறுக்க வைத்து, தண்டனையாக இன்னொரு நிரைச் செடிகளையும் அவள் தலையில் கட்டினார். அன்றைக்கு இருபத்தொன்பது.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. காளியாயி அந்த மலையிலேயே கெட்டிக்காரி ஆகிவிட்டாள். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் துரையே அவள் பெயரைச் சொன்னார். அவளைப் பார்த்தோ என்னவோ, பக்கத்து நிரை நாகலெட்சுமியும் யாரோ விரட்டுகிற மாதிரி பறித்தாள். கொழுந்து இப்படியே கூடினால் கணேசமூர்த்தியைக் கணக்கப்பிள்ளைகளுக்கு மேலான கண்டாக்கு ஆக்கிவிடுவார்கள் என்று மாயாண்டி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். காளியாயிக்கு அதில் ரகசியமாக ஒரு சந்தோஷம். கண்டாக்கு பெண்சாதி.

சித்திரைக் கடைசி வெள்ளி. வ, ர, வ மூன்றும் பிசகாமல் போய்ச் சேர்ந்திருந்தன. மறுநாள் அக்கரப்பத்தனைக்காரர்கள் வருகிறார்கள். அந்தி நிறுவைக்குக் கொஞ்ச நேரந்தான். காலையும் மத்தியானமும் நிறுத்ததோடு கூட்டிப் பார்த்தால் இருபத்தெட்டு. நிரையில் கொழுந்து தீர்ந்துவிட்டது.

வெட்கத்தை விட்டு நாகலெட்சுமியிடம் போனாள்.

“ரெண்டு ராத்தல் குடுங்கக்கா. நாளைக்குத் திருப்பித் தந்துர்றேன்.”

“என்னாத்துக்குடி?”

காளியாயி சுற்றுமுற்றும் பார்த்தாள். “ஒரு எழுத்து பாக்கி” என்றாள் மெதுவாக. “ன.”

நாகலெட்சுமி கூடையை இறக்கி வைத்தாள்.

“எனக்கும் ‘வருவேன்’ல அந்த எழுத்துதான்டி நிக்குது. தைப்பொங்கல்லேருந்து.”

காளியாயி தன் கூடையைத் தூக்கி, கொழுந்து முழுவதையும் நாகலெட்சுமியின் கூடையில் கொட்டினாள். நாகலெட்சுமியின் அன்றைய கணக்கு முப்பதைத் தாண்டிவிட்டது; முப்பதுக்கு மேலே எழுத்தே கிடையாது. வெறுங்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு லயத்துப் பக்கம் இறங்கிப் போனாள்.