நாலு ஃபைலை ஒன்றாக்கிய உங்கள் மகள்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களின் திருச்சமூகத்துக்கு, உங்கள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. தங்கள் முழங்கால் வலியும் அத்தையின் மூக்கடைப்பும் விட்டொழிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே உங்கள் மகள் சௌக்கியம். மிகவும் சௌக்கியம். நான்தான் நாலைந்து நாளாகத் திறந்த வாயை மூடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்பு நீங்கள் என் வேலையைப் பற்றி விசாரித்தபோது, "கம்ப்யூட்டர்" என்று ஒரே வார்த்தையில் தப்பித்துவிட்டேன். இப்போது விவரம் சொல்லாமல் முடியாது. பல் மருத்துவமனைகளுக்கு நேரம் பதிவு செய்யும் இணையப் பக்கம் எங்களுடையது. எந்த டாக்டர் இருக்கிறார், எந்த நேரம் காலி, யார் வரவில்லை என்பதையெல்லாம் அந்தப் பக்கம் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். அந்த ஞாபகத்துக்கு 'ஸ்டேட்' என்று பெயர். அதில் ஒரு சின்ன மாற்றம் நடக்க வேண்டுமா, அந்த மாற்றத்துக்குப் பெயர் வைக்க ஒரு ஃபைல், அந்தப் பெயரைக் கூவ ஒரு ஃபைல், கூவியதைக் கேட்டு மாற்ற ஒரு ஃபைல், இந்த மூன்றையும் ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தி வைக்க இன்னொன்று. ஆக, பட்டன் ஒன்றுக்கு ஃபைல் நாலு. மூன்று வருஷமாக ஒரு பட்டன் விடாமல் எழுதினேன் மாமா. பெரும்பாலும் பழைய ஃபைலை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவேன் என்பது உண்மைதான், ஆனாலும் கை வலிக்காதா?

போன மாதம் உங்கள் மகளை, அதே கம்பெனியில் மேல்மாடியில் சும்மா இருந்தவளை, எங்கள் டீமுக்கே லீடாகப் போட்டார்கள். ஒரே வண்டியில் போய் வரலாமே என்று நான் சந்தோஷப்பட்டேன், என் புத்தியைச் சொல்லணும். முதல் மீட்டிங்கிலேயே பெரிய திரையில் என் ஃபைலை விரித்துப் போட்டு, "இது யார் எழுதினது?" என்று கேட்டாள். தெரியாதா இவளுக்கு? "நான்தாங்க மேடம்" என்றேன். "இவ்வளவு நீளத்துல நிஜமா வேலை செய்யறது கடைசி வரி மட்டும்தானே? மத்ததெல்லாம் எல்லா ஃபைல்லயும் அப்படியே இருக்கு. ஒரு பல்லைப் பிடுங்க எதுக்குங்க நாலு டாக்டர்?" என்றாள். அத்தனை பேரும் சிரிச்சாங்க மாமா. எல்லாத்தையும் சந்தேகப்பட்டுப் பட்டு 'சந்தேகம்'னே பேர் வாங்கின எங்க டெஸ்டர், என் பிஸ்கட்டையே தின்னுக்கிட்டு சிரிக்கிறான். அப்புறம் புதுசா ஒரு கருவியைக் காட்டினா. என்ன மாறணும்னு ஒரு இடத்துல எழுதினா போதுமாம், பேர் வைக்கிறது, கூவுறது எல்லாம் அதுவே பாத்துக்குமாம். சொல்லிட்டு, பதினஞ்சு இருபது பட்டனை அங்கேயே மாத்திக் காட்டினா. அழிச்ச வரியெல்லாம் சிவப்பாத் தெரியும். உருட்ட உருட்ட சிவப்பு, முடிவே இல்லை. எல்லாரும் கை தட்டறாங்க! நான் உயிரோட உக்காந்திருக்கேன், நான் எழுதினதை அழிச்சதுக்குக் கைதட்டல்!

வீட்டுக்கு வந்ததும், "அழிக்கிறதுக்கு முன்னாடி புருஷன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"ன்னேன். "கேட்டேனே, நீங்கதான் டிவி பாத்துக்கிட்டே தலையாட்டினீங்க." அதெல்லாம் சம்மதமா மாமா? நீங்களே சொல்லுங்க, எத்தனை வருஷமாத் தலையாட்டுறீங்க.

சரி, இவ எழுதினது எங்கயாவது உடையாமலா போகும்னு சந்தேகத்தைத் துணைக்கு வச்சுக்கிட்டு ஒவ்வொரு பட்டனா அமுக்கினேன். உடையலை. வேகமா அமுக்கினேன், ரெண்டு ரெண்டா அமுக்கினேன், ஊஹும். கடைசியா ஒரு நோயாளியோட நேரத்தை ரத்து பண்ணினேன் பாருங்க, அன்னிக்கு முழுக்க கிளினிக்குக்கே லீவுன்னு காட்டிடுச்சு! எனக்கு வந்த சந்தோஷத்துல நாற்காலியோட பின்னாடி சாஞ்சு விழுந்துட்டேன். விழுந்த இடத்துலேர்ந்தே "எல்லாரும் வாங்க!"ன்னு கத்தினேன். வந்தாங்க. மேனேஜரும் வந்தார். உங்க மக குனிஞ்சு பாத்துட்டு, "இது நான் இன்னும் தொடாத ஃபைலாச்சே"ன்னா.

என்ன ஆச்சுன்னா மாமா, கிளினிக் லீவுக்கான ஃபைலை நகலெடுத்துத்தான் ரத்துக்கு எழுதியிருக்கேன், ஒரு இடத்துல மட்டும் பேரை மாத்த மறந்துட்டேன். ரத்துன்னு கூவ வேண்டியது லீவுன்னு கூவியிருக்கு. சந்தேகம் மெதுவா, "அடிக்கடி திடீர் லீவு விழுதுன்னு ஒரு டாக்டரம்மா ஃபோன் பண்ணிக்கிட்டே இருப்பாங்களே, கம்ப்யூட்டரை அணைச்சுப் போடுங்கன்னு சொல்லுவோமே, அது இதுதானோ?"ன்னான். அதேதான். அணைச்சுப் போட்டா சரியாயிடும், அடுத்த ஆள் ரத்து பண்ற வரைக்கும்.

மேனேஜர் முகம் மாறிடுச்சு. "யார் எழுதினது இது?"ன்னார். நான் விழுந்த நாற்காலியை நிமித்த ஆரம்பிச்சேன். உங்க மக என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை. "டீம் எழுதினது சார். ஒரே விஷயத்தை நாலு இடத்துல எழுதச் சொன்னா யாருக்கும் இந்தத் தப்பு வரும். டாக்டரம்மாகிட்ட நானே பேசறேன்"னுட்டுப் போயிட்டா.

அதிர்ச்சி என்றால் அதுதான் மாமா. திட்டியிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன். வண்டியில் வரும்போது வழியில் கீரை வாங்கினாள், அவ்வளவுதான். இப்படிப்பட்டவளின் கீழ் வேலை பார்க்க என்னால் ஆகாது. வேறு ஊர் கிளைக்கு மாற்றல் கேட்டு மேனேஜரிடம் மனு கொடுத்துவிட்டேன். இதில் பேச்சுக்கே இடமில்லை. நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வராததால், பெற்றவர் என்ற முறையில் நீங்கள்தான் அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். அத்தைக்கு என் நமஸ்காரம். எங்கு இருந்தாலும் உங்கள் ஆசி எனக்கு வேண்டும்.

கலங்கிய மனத்துடன்,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மாமா, அவளிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். இதை ஒட்டுவதற்குள் மேனேஜர் கூப்பிட்டு, "மாற்றல் ரெடி, கையெழுத்துப் போடுங்க" என்றார். "வேணாம் சார்" என்று என் வாய் சொன்னதைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். வெளியே வந்தால் உங்கள் மகள் நின்றுகொண்டிருந்தாள். "மிச்ச ஃபைலை நீங்களே அழிக்கிறீங்களா?" என்று கேட்டாள். டிவி எதுவும் ஓடவில்லை, முழு நினைவோடுதான் தலையாட்டினேன். சாயங்காலம் வரை அழித்தேன். ரொம்ப நன்றாக இருக்கிறது மாமா! இப்படி இருக்கும் என்று ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை?