கடலைப் பார்த்த கக்கூஸ்

கடலுக்கடியில் நூற்றுத் தொண்ணூறு மீட்டர் ஆழத்தில் எனக்கு ஒரு சொத்து இருக்கிறது. பத்திரம் கிடையாது. பட்டா கிடையாது. வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான் வேலி. ஆகவே செத்தாலும் அதைப்பற்றி யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன்.

சொத்து என்றால் ஒரு பாறைத் திட்டு. இரண்டு பேருந்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் எவ்வளவு இடமோ அவ்வளவுதான். (பேருந்து ஓட்டுகிறவனுக்கு வேறு அளவு தெரியாது.) பெர்கன் நகரில் இருபது வருஷம் ஓட்டிவிட்டு, வடக்கே எங்கள் தீவுக்குத் திரும்பிய ஆண்டில், படகு என்ஜின் நின்றுபோன ஒரு காலையில் தற்செயலாக அகப்பட்டது. சுற்றிலும் சேறு. திட்டின்மேல் மட்டும் சிவப்பு மீன்கள் குடியிருக்கின்றன.

அவர்களைப் பிடிக்கத் தந்திரம் வேண்டும். அரைக் கிலோ ஈயத்தில் செய்த பொய் மீனைத் தூண்டில் நரம்பில் கட்டி இறக்க வேண்டும். அது இறங்க இறங்க நமக்கு வயதாகும். அடியைத் தொட்டதும் ஒரு முழம் தூக்கு, விடு. தூக்கு, விடு. அடிபட்ட மீன் தள்ளாடுகிறது என்று நம்பிக் கடிப்பவன் மேலே வரும்போது இரண்டு கண்ணும் வெளியே பிதுங்கி நிற்கும். அவ்வளவு ஆழம். அந்தக் கண்ணைப் பார்த்தாலே எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் புரிந்துவிடும்: எவனோ ஒருத்தன் இடம் வைத்திருக்கிறான்.

இடத்தைக் கண்டுபிடிப்பது கரையைப் பார்த்துத்தான். கலங்கரை விளக்கம் எதிர்த் தீவின் மலைப் பிளவுக்குள் நிற்க வேண்டும். அது ஒரு கோடு. சர்ச் கோபுரத்தின் நுனி, எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பழைய மரக் கக்கூஸின் கூரைமேல் உட்கார வேண்டும். அது இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் ஈயத்தை இறக்கினால் ‘டொக்’. பாறை. கொஞ்சம் தள்ளி இறக்கினால் ‘சொத’. சேறு.

இப்போது எல்லாப் படகிலும் திரை வைத்த கருவி வந்துவிட்டது. இடத்தை அதுவே ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். ஞாபகம் வைத்துக்கொள்ளும் எதையும் நான் நம்புவதில்லை. அதில் என் மனைவி குன்வோரும் அடக்கம்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கக்கூஸ்மீது அவளுக்கு ஆறு வருஷமாகக் கண்.

“ஐலிஃப், அதை இடிச்சுடலாம்ப்பா. அங்கதான் சாயங்கால வெயில் விழுது. ஒரு கண்ணாடி அறை கட்டிக்கிட்டா குளிர்லயும் உட்கார்ந்து காப்பி குடிக்கலாம்.”

“அது பழங்காலச் சின்னம்.”

“முப்பது வருஷமா ஒருத்தரும் உள்ளே போகல.”

“போயிருந்தா அது கக்கூஸ். போகாததாலதான் சின்னம்.”

“போன வருஷம் அதுல பறவை முட்டை விட்டிருக்குன்னே.”

“ஆமா.”

“என்ன பறவை?”

“கூச்ச சுபாவமுள்ள பறவை. நாம பார்த்தா வராது.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மனைவி கேள்வி கேட்பதை நிறுத்தினால் கணவன் உஷாராகிவிட வேண்டும். நான் உஷாரானேன். ஆனால் தவறான திசையில்.

ஏப்ரல் மாதம் ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூட நடை முடிந்து காலிப் பேருந்தோடு திரும்புகிறேன். பக்கத்து வீட்டு தோர்கிரிமின் குப்பைப் பையைக் கடற்காகங்கள் கிழித்துத் தெருவில் பரப்பியிருந்தன. நடுவே மூன்று சிவப்புத் தலைகள். ஆறு கண்களும் பிதுங்கி என்னையே பார்த்தன.

பிரேக்கை மிதித்தேன்.

தோர்கிரிம் தெற்கேயிருந்து வந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வந்த மாதமே வெள்ளை வெளேரென்று ஒரு படகு வாங்கினார். கணக்கு, படகு, ஓய்வு நேரம்: மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் சந்தேகப்படாமல் என்ன செய்வது?

தெருவில் குந்தி உட்கார்ந்து தலைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு ஜோடி மரக் கட்டைச் செருப்புகள் என் முன்னே வந்து நின்றன.

“என் குப்பையில என்ன தேடுற?”

“காக்கா கிழிச்சுடுச்சு வாத்தியாரே. ஒழுங்கு பண்ணிட்டிருக்கேன்.”

“பேருந்தை நடு ரோட்டுல நிறுத்திட்டா?”

“சுத்தம்னு வந்துட்டா நான் நேரங்காலம் பார்க்கிறதில்ல.” தொண்டையைச் செருமினேன். “தலை நல்ல பெருசு. எங்க பிடிச்சீங்க?”

சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். “எங்க பிடிச்சேன்னு மீன் பிடிக்கிறவன்கிட்ட கேட்கலாமா, ஐலிஃப்?”

அன்று மிச்சமிருந்த நிறுத்தங்களில் இரண்டில் நான் நிற்கவேயில்லை என்று பிறகு புகார் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் விசாரணையை ஆரம்பித்தேன்.

“குன்வோர், நீ யார்கிட்டயாவது ஏதாவது சொன்னியா?”

“எதை?”

“எதையாவது.”

“எதைன்னு சொன்னாத்தானே, சொன்னேனா இல்லையான்னு சொல்ல முடியும்?”

“அதைச் சொல்லிட்டா உனக்குத் தெரிஞ்சுடுமே!”

“எனக்குத் தெரியாததை நான் எப்படி இன்னொருத்தர்கிட்ட சொல்லியிருப்பேன்?”

வக்கீல் வைக்காமல் மனைவியோடு பேசக்கூடாது. பேசாமல் ரொட்டியில் பழுப்புச் சீஸை வைத்துக் கடித்தேன். அவள் காப்பியை ஊற்றிக்கொண்டே, வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்.

“தோர்கிரிமை நேத்துப் பார்த்தேன். நம்ம கக்கூஸைப் பத்தியே பேசிட்டிருந்தார்.”

சீஸ் தொண்டையில் நின்றது. “கக்கூஸைப் பத்தியா?”

“கடல்லேருந்து பார்த்தா அவ்வளவு அழகாம். ‘என்ன ஆனாலும் இடிச்சுடாதீங்க, ஒரு அடி நகர்த்திக்கூட வெச்சுடாதீங்க’ன்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டார். நானும் யோசிச்சேன். நீ சொல்றதுதான் சரி. கண்ணாடி அறையெல்லாம் வேண்டாம். சின்னம் இருக்கட்டும்.”

உலகத்தில் எந்த மனிதனாவது பக்கத்து வீட்டுக் கக்கூஸை அழகு என்று சொல்வானா? ஒரே காரணத்துக்காகத்தான் சொல்வான். என் கோட்டின்மேல் அவன் படகு நிற்கிறது!

மூன்று நாள் தூக்கமில்லை. நான்காம் நாள் ஒரு திட்டம் உதித்தது. என் வாழ்க்கையிலேயே சிறந்த திட்டம். கக்கூஸை நகர்த்திவிட்டால்? எட்டே எட்டு அடி. திருடன் பழையபடி கோபுரத்தையும் கூரையையும் பார்த்துக் கோடு பிடிப்பான். ஈயம் சேற்றில் விழும். வருஷம் முழுக்கச் சேற்றில் தூக்கு, விடு. தூக்கு, விடு. எனக்கோ அது முன்பு நின்ற இடம் மனசுக்குள் இருக்கிறது. கணக்கு வாத்தியாருக்கே கணக்குத் தப்பும்!

“அதை நகர்த்தினா என்ன, குன்வோர்?”

“ஐயையோ, வேண்டாம். கூச்ச சுபாவமுள்ள பறவை பயந்துடும்.”

“அது வேற ஊருக்குப் போயாச்சு.”

“தோர்கிரிம் வருத்தப்படுவார்ப்பா.”

அந்த ஒரு வார்த்தை போதும். மே பதினேழு, தேசிய நாள். ஊரே கொடியோடு ஊர்வலம் போகும். பல்வலி என்று படுத்துக்கொண்டேன். வாத்தியக் கோஷ்டியின் சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் போனதும் எழுந்து, பேருந்துக்கு டயர் மாற்றுகிற ஜாக்கியைக் கொடுத்துக் கக்கூஸைத் தூக்கினேன். அடியில் பூர்ச்ச மரக் கட்டைகளை உருட்டினேன். தள்ளினேன். முதுகில் ஏதோ அறுந்தது. எட்டு அடிக்கு ஐந்து மணி நேரம்.

குன்வோர் பூவேலை செய்த தேசிய உடையில் திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“எனக்காகவா?”

“வேற யாருக்காக?” என்றேன், முதுகைப் பிடித்தபடி.

கன்னத்தில் முத்தம் கிடைத்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு இரண்டு ஆட்கள் கண்ணாடிப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு வந்தார்கள். தோர்கிரிமின் கொட்டகையிலிருந்து! இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எதிரியின் அழிவை நினைத்து நான் அப்போது சீட்டியடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியின் ஒரு பக்கத்தை நானே பிடித்துக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கடலில் நின்றேன். கலங்கரை விளக்கம் பிளவுக்குள் வந்தது. கோபுரம் தெரிந்தது. அதற்குக் கீழே, கக்கூஸ் நின்ற இடத்தில், ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி என்பது கடலிலிருந்து பார்த்தால் வானம். வெயில் வந்தால் இன்னும் மோசம். பாதி மலை தீப்பிடித்ததுபோல ஒரே ஒளி. மனசுக்குள் இருந்த இடம் மனசுக்குள்ளேயே இருந்தது. குத்துமதிப்பாக ஈயத்தை இறக்கினேன். சொத. இன்னும் கொஞ்சம் தள்ளி. சொத. கரையில் எட்டு அடி தப்பினால் அத்தனை தூரக் கடலில் எத்தனை தப்பும் என்று எனக்குச் சொல்லித்தர அங்கே ஒரு கணக்கு வாத்தியார் இல்லை. பதினாலு தடவை நூற்றுத் தொண்ணூறு மீட்டரைக் கையால் சுற்றி எடுத்தேன். பதினாலு தடவையும் ஈயத்தில் சாம்பல் நிறச் சேறு. தோர்கிரிமின் வெள்ளைப் படகோ துறையைவிட்டு அசையவேயில்லை.

மத்தியானம் வீடு திரும்பினேன். கண்ணாடி அறையில் குன்வோரும் தோர்கிரிமும் சூடாக வாஃபிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“என்ன வாத்தியாரே, கடலுக்குப் போகலையா?” பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“நானா? படகு வாங்கின அன்னைக்கு ஒரு தடவை போனேன். போனதுலேருந்து வந்த வரைக்கும் வாந்தி. அதை விக்கத்தான் ஆள் தேடிட்டிருக்கேன். உனக்கு வேணுமா?”

“அப்போ அந்தத் தலைங்க?”

“குன்வோர் கொடுத்த மீன். அவ தங்கச்சி மீன் ஆலையில இருக்காளே. யாராவது கேட்டா ஒண்ணும் சொல்லாதீங்க, சிரிச்சா போதும்னா. வாஃபிள் சுட்டுத் தர்றேன்னா. சிரிச்சேன்.”

மெதுவாக மனைவி பக்கம் திரும்பினேன்.

“ஆறு வருஷத்துல இந்த வீட்டுக்கு ஒரு தடவை பெயின்ட் அடிச்சியா?” என்றாள். “அந்தக் கக்கூஸுக்கு மட்டும் வருஷா வருஷம் வெள்ளை அடிச்ச. அதுவும் கடல் பக்கத்துச் சுவருக்கு மட்டும். மத்த மூணு சுவரும் உதிர்ந்து கொட்டுது. எனக்கென்ன கண்ணா இல்ல?”

இந்த வெள்ளையடித்த சமாசாரத்தை நான் உங்களிடம்கூடச் சொல்லவில்லை. உங்களை எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

கோபப்படலாம் என்று வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வந்தது.

“இடம் போச்சு, குன்வோர்.”

அவள் ஒரு வாஃபிளை மடித்து என் கையில் வைத்தாள். “எங்கயும் போகல. ஞாயித்துக்கிழமை எழுந்து முதல் காப்பியோட ஜன்னல்ல நின்னா, நீ எங்க நிக்கிறேன்னு தெரியும். ஆறு வருஷமாப் பார்க்கிறேன். ஜன்னல் நடுச்சட்டத்துக்கு நேரா நிப்ப, ஒரு விரக்கடை இடது. போன் போடு, சொல்றேன்.”

“என் இடத்துக்கு நான் உன்கிட்ட வழி கேட்கணுமா?” என்று முறைத்தேன். அடுத்த ஞாயிறே போன் போட்டேன்.

“இடது பக்கம் வா.”

“என் இடதா, உன் இடதா?”

“என் இடது. உன் இடதுல சேறுதானே இருக்கு? இன்னும் கொஞ்சம். நில்லு. போடு.”

டொக்.

சுற்றி எடுத்தபோது நாலு கிலோ சிவப்பு மீன், கண் இரண்டும் பிதுங்க. என் முகமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கும்.

“அந்த இடத்தைக் கருவியில குறிச்சு வெச்சுக்கோயேன், ஐலிஃப். வாராவாரம் என்னைக் கேட்க வேண்டாம்.”

“ரெண்டு பேருக்குத் தெரிஞ்சதே அதிகம். இதுல செயற்கைக்கோளுக்கும் சொல்லணுமா?”

இப்படியாக என் ரகசியம் இன்றுவரை பத்திரமாக இருக்கிறது. ஒரே ஒரு குறை. மீன் நன்றாகக் கடிப்பது காலை ஆறு மணிக்கு. குன்வோர் ஞாயிற்றுக்கிழமை எழுந்திருப்பது பதினொரு மணிக்கு.