தெற்கு வாசலின் ஒற்றை ஆணி

நெடுமாட நாட்டில் யாருடைய புகாரையும் தள்ளுபடி செய்ததில்லை. புகார் பதிவாகும், பெருங்குறை, சிறுகுறை என்று தரம் பிரிக்கப்படும். பெருங்குறைக்குப் படையே கிளம்பும். சிறுகுறை ‘அடுத்த பருவம்’ என்று எழுதிய அலமாரிக்குப் போகும். அந்த அலமாரிக்காகவே அரண்மனையை மூன்று முறை நீட்டிக் கட்டினார்கள்.

தெற்கு வாசல் கதவின் கீலில் ஓர் ஆணி கழன்று ஒன்பது பருவம் ஆகியிருந்தது. கதவு தரையில் இழுபட்டது. நாலு பேர் தூக்கித் தள்ளினால்தான் வண்டி நுழையும். வெற்றிலை வியாபாரி சௌந்தரம் விடியலில் கிள்ளிய இலை, வரிசையில் நின்றே வாடியது. இன்னொரு கோடை இப்படிப் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

அரசு சும்மா இருக்கவில்லை. கதவைத் தூக்குவது குடிகளின் கடமை என்று ஆணை வந்தது. பிறகு தூக்கும் முறைக்குப் பயிற்சி முகாம். பிறகு பயிற்சிச் சீட்டு இல்லாதவர் நுழையத் தடை. வரிசை இரண்டு மடங்கானது.

சௌந்தரம் அமைச்சர் தாண்டவராயரிடம் போனாள்.

“ஐயா, ஒரே ஒரு ஆணிங்க. நானே கொண்டாந்திருக்கேன்.”

“ஆணி சிறியதுதானே அம்மா? அப்படியானால் சிறுகுறை. அடுத்த பருவம்.”

“ஒம்பது பருவமா இதையேதான் சொல்றீங்க.”

“பார்த்தீர்களா! அரசின் சொல் மாறவே இல்லை.”

“கதவு யார் தலையிலயாவது விழுந்தா?”

“அப்போது பெருங்குறை. தயங்காமல் வாருங்கள்.”

வெளியே மேளம் முழங்கியது. தண்ணீரே இல்லாத தெருவில் புதிய நீரூற்றைத் திறக்க மன்னர் புறப்பட்டுக்கொண்டிருந்தார். சௌந்தரம் நின்று பார்த்தாள். நேற்றைய இலையில் தண்ணீர் தெளித்து இன்றைய இலையாக விற்றுப் பழகிய கை அவளுடையது.

மறுநாள் மீண்டும் வந்தாள். “ஐயா, தெக்கால புதுசா ஒரு வாசல் வைக்கலாம்னு ஜனங்க ஆசைப்படுது. மன்னர் பேரையே வச்சுடலாம்.”

தாண்டவராயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “புதிய வாசலா! எத்தனை ஆண்டுகள் ஆகும்?”

“வியாழக்கிழமை தெறந்துடலாங்க.”

“பழைய வாசல்?”

“அது சின்ன விஷயம். அடுத்த பருவத்துல பாத்துக்கலாம்.”

அமைச்சருக்கு அந்தப் பதிலில் ஒரு குறையும் தெரியவில்லை.

புதன்கிழமை கொல்லர் ஆணியை அடித்தார். சௌந்தரம் கீலில் விளக்கெண்ணெய் விட்டாள். பழைய கதவுக்குப் பச்சை வர்ணம் பூசினார்கள். வியாழனன்று மன்னர் ஒரு விரலால் தள்ளினார். கதவு திறந்தது. காசு கொடுத்துக் கூட்டிவராத கூட்டம் ஆரவாரம் செய்தது. மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் திறந்து வைத்தவற்றில் இதுதான் நிஜமாகவே திறக்கிறது!”

சௌந்தரத்தின் வண்டி நுழைந்தது. இலை பச்சை மாறாமல் கடைத்தெருவை எட்டியது.

மறுநாள் அரண்மனை வாசலில் கூட்டம். கையில் ஒரு பலகையோடு வந்தவர் ‘புதிய பாலம்’ கேட்டார். நாலு கூரை ஓட்டோடு வந்தவர் ‘புதிய பள்ளிக்கூடம்’ கேட்டார். மன்னர் நாளுக்குப் பதினோரு நாடா வெட்டினார்; கத்தரி பிடித்த விரல் காய்த்துப்போனது. அந்த ஆண்டு நாட்டில் புதிதாக ஒன்றுமே கட்டவில்லை. எல்லாம் வேலை செய்தது.

ஒரு நாள் தாண்டவராயர் தனியாக, கையில் ஒரு சுத்தியலோடு, வெற்றிலைக் கடைக்கு வந்தார்.

“சௌந்தரம்மா, அந்த ‘அடுத்த பருவம்’ அலமாரிக் கதவு சிக்கிக்கிச்சு. ‘புதிய அலமாரி’ன்னு எழுதி மன்னருக்கு அனுப்பட்டுமா, இல்ல நானே ஒரு ஆணி அடிச்சுடட்டுமா?”

இப்போதெல்லாம் வெற்றிலைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்த ஆணித் தட்டிலிருந்து நல்லதாக ஒன்றைப் பொறுக்கி நீட்டினாள்.

“அடிச்சுடுங்க ஐயா. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்.”