மூன்றுக்கு மூன்று

மாலை ஆறரை மணிக்கு நிர்வாகி தன் மனைவியை மூன்று மாதத்துக்குத் தடை செய்தார். தடை செய்தது மனைவியைத்தான் என்று அவருக்குத் தெரிய இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.

கணினியை அணைத்து, சோம்பல் முறித்து, நல்ல காரியம் ஒன்றை முடித்த நிறைவோடு கூடத்துக்கு வந்தார். மனைவி சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்து டேப்லெட்டை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இதுல சிவப்பா ஒரு பெட்டி வருது. 'நீங்கள் தடை செய்யப்பட்டுள்ளீர்கள்'னு போட்டிருக்கு."

"எதுல?"

"உங்க களஞ்சியத்துலதான். கறைன்னு ஒரு பக்கம் இருக்கே, அதுல."

நிர்வாகிக்கு முகம் வெளிறிப்போனது.

பகலில் அவர் தபால் நிலையத்தின் பார்சல் பிரிவில் எடை போட்டு முத்திரை குத்துபவர். மாலையில், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றுக்கு நிர்வாகி. சம்பளம் கிடையாது, நாற்காலி கிடையாது, திட்டு மட்டும் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் யார் வேண்டுமானாலும் கெடுக்கலாம் என்றும் அர்த்தம். அதற்காகத்தான் விதிகள். மொத்தம் முப்பத்தெட்டு. அதில் முப்பத்தொன்று அவரே எழுதியவை.

'கறை' பக்கத்தில், ரத்தக் கறை பட்ட துணியை வெந்நீரில் ஊறவைக்க வேண்டும் என்று ஒரு வரி பல காலமாக இருந்தது. அன்று மாலை யாரோ ஒருவர் வெந்நீரை அடித்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் என்று மாற்றினார். கணக்குத் தொடங்காமல் எழுதுபவர்களுக்குப் பெயர் வராது, அவர்கள் வீட்டு இணைய இணைப்பின் எண் மட்டும் வரும். தன் வீட்டு இணைப்பின் எண் என்ன என்று யாருக்குத்தான் தெரியும்? நிர்வாகிக்கும் தெரியவில்லை. "சான்று தேவை" என்று எழுதி வெந்நீரைத் திரும்பக் கொண்டுவந்தார்.

அந்த யாரோ மறுபடி மாற்றினார். காரணம் எழுதும் கட்டத்தில் "வெந்நீர் கூடவே கூடாது" என்று இருந்தது. நிர்வாகி மறுபடி மாற்றினார். மூன்றாவது தடவை கட்டத்தில், "யாருப்பா நீ, உன் வாழ்க்கைல ஒரு துணியாவது துவைச்சிருக்கியா?" என்று வந்தது. ஒரே நாளில் மூன்று தடவை மாற்றினால் தடை. இது நான்காம் விதி. நிர்வாகி தடையைப் போட்டு, பக்கத்தையும் வெந்நீரோடு சேர்த்து மூன்று மாதத்துக்குப் பூட்டிவிட்டுத்தான் எழுந்து வந்திருந்தார்.

"அது நீயா?" என்றார்.

"அது நீங்களா?" என்றாள்.



"நீ எதுக்கு அங்க போய் எழுதினே?"

"இன்னிக்குக் கடைக்கு ஒரு பொண்ணு வந்தா. குழந்தையோட வெள்ளைக் கவுன், மூக்குல ரத்தம் வந்து கொட்டியிருக்கு. வெந்நீர்ல ஊறவெச்சுக் கொண்டுவந்தா. அதோட கதை முடிஞ்சுது. பழுப்பா அப்படியே பிடிச்சுக்கிச்சு, நானில்ல, யார் வந்தாலும் எடுக்க முடியாது. ஏம்மா இப்படிப் பண்ணினேன்னு கேட்டா, 'உங்க களஞ்சியத்தைப் பாத்துத்தான் பண்ணினேன்'னு போனை நீட்டுறா."

"'உங்க'ன்னா?"

"என் வீட்டுக்காரர் நடத்துறார்னு கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் நாந்தானே சொல்லி வெச்சிருக்கேன்."

இருபத்திரண்டு வருடமாகச் சலவைக் கடை நடத்துகிறவள் அவள்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. தடையை எடுத்துவிடுங்க. நான் அந்த வரியை மாத்திட்டுப் பேசாம உக்காந்துக்கறேன்."

"ஒரு நிமிஷம்" என்று கணினிக்கு ஓடினார். தடை நீக்கு என்ற பொத்தானுக்கு மேல் விரல் போனது. போன விரல் நின்றது.

"என்ன?"

"ஒன்பதாம் விதி. ஒரு நிர்வாகி தன் உறவினர் மேல இருக்கிற தடையை நீக்கக் கூடாது, உறவினர் சண்டை போட்ட பக்கத்தையும் தொடக் கூடாது."

"யார் எழுதின விதி?"

"நாந்தான்."

"எதுக்கு?"

"யாராவது பொண்டாட்டிக்குச் சலுகை காட்டிடுவாங்கன்னு."

"பொண்டாட்டியைத் தடை பண்ணக் கூடாதுன்னு விதி இல்லையா?"

"அப்படி ஒருத்தன் பண்ணுவான்னு நினைச்சுப் பாக்கல."

வேறு வழி ஒன்று அவருக்குத் தோன்றியது. தடை இணைப்பின் எண்ணுக்குத்தானே, ஆளுக்கு இல்லையே. அவள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கிவிட்டால்? தொடங்கினார். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் திரை முழுக்கச் சிவந்தது. தடையிலிருந்து தப்பிக்க முயற்சி செய்ததால் தடை ஆறு மாதமாக நீட்டிக்கப்படுகிறது, இதே இணைப்பிலிருந்து எழுதும் மற்றவர்களும் முடக்கப்படுகிறார்கள் என்று இயந்திரமே அறிவித்தது.

"மற்றவர்கள்னா யாரு?" என்றாள் மனைவி.

"நாந்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு மறுநாள் கடை திறக்கும் வரைதான் இருந்தது. ஒரு தலையணை உறையும் ஒரு மேசை விரிப்பும், இரண்டும் வெந்நீரில் ஊறியவை, கல்லாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தன.

மதிய இடைவேளையில் நிர்வாகி தபால் நிலையக் கணினியில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல், களஞ்சியத்தில் எழுதுபவர்கள் தங்களுக்குள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதினார். அவருடைய ஆறு பேரும் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இந்த ஆறு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன்பு களஞ்சியத்தில் நிர்வாகி ஒண்டியாகக் கிடந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். காற்புள்ளிகளை மட்டும் திருத்தும் கமா, பாலங்களைப் பற்றி மட்டுமே எழுதும் பாலம், எதற்கெடுத்தாலும் சந்தேகம் கேட்கும் வால்நட்சத்திரம், அப்புறம் பூச்சி, உப்பு, ஏணி. எல்லாம் புனைபெயர்கள். யாருடைய ஊரையும் பெயரையும் கேட்கக் கூடாது என்பது இரண்டாம் விதி. ஆனாலும் நிர்வாகிக்குக் கூடப் பிறந்தவர்களைவிட இவர்கள் மேல் பாசம் அதிகம். அண்ணன் தம்பி யாராவது தினமும் மாலை அவரிடம் பேச வந்தார்களா?

ஆறு பேரும் வந்துவிட்டார்கள்.

"மூன்றாவது வாக்கியத்தில் காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது. மற்றபடி மிகவும் வருந்துகிறேன்" என்று எழுதினார் கமா.

"பாவம் அந்த அம்மா, தடையை எடுத்துவிடலாம்" என்று எழுதினார் பூச்சி.

"பாவம் என்பது விதியில் இல்லை" என்றார் பாலம். "அவர் சொல்வதற்குச் சான்று என்ன?"

"இருபத்திரண்டு வருடச் சலவை" என்று நிர்வாகி தட்டச்சு செய்தார்.

"அச்சில் வந்திருக்கிறதா?"

மறுநாள் மதியம் நிர்வாகி சாப்பிடாமல் பொது நூலகத்துக்கு ஓடினார். துணி பராமரிப்பு பற்றிய பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் கறையை நிலைக்கவைத்துவிடும் என்று நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது. அந்தப் பக்கத்தை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. படம் பிடித்துப் பேச்சுப் பக்கத்தில் போட்டார்.

"இது முப்பது வருடத்துக்கு முந்திய புத்தகம்" என்றார் வால்நட்சத்திரம்.

"முப்பது வருடத்தில் ரத்தம் மாறிவிட்டதா?" என்று கேட்டார் உப்பு.

"தண்ணீர் மாறியிருக்கலாம்" என்றார் பாலம்.

இதன் மேல் இருபத்தேழு பக்க விவாதம் நடந்தது. நடுவில் ஏணி, 'குடும்பத்தினருக்கிடையே எழும் தகராறுகள்' என்று முப்பத்தொன்பதாவது விதிக்கு ஒரு வரைவு எழுதி அதற்குத் தனியாக வாக்கெடுப்பு கேட்டார். நிர்வாகி கெஞ்சிக் கூத்தாடி, முதலில் தடையையும் பூட்டையும் எடுப்பதைப் பற்றி வாக்களியுங்கள் என்றார். உறவினர் என்பதால் அவருக்கு வாக்கு இல்லை. ஆறு பேரும் வாக்களித்தார்கள்.

மூன்றுக்கு மூன்று.

"என்ன ஆச்சு?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டாள் மனைவி.

"சமமா நிக்குது."

"கடையில இன்னிக்கு மட்டும் மூணு துணி. நாளைக்கு இன்னும் வரும். ஒவ்வொண்ணுக்கும் நான் தலை குனிஞ்சு நிக்கறேன்." தட்டைத் தள்ளி வைத்தாள். "நான் பெருசா ஒண்ணும் படிக்கலைங்க. எனக்கு முழுசாத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, துணி. அதைக்கூட நீங்க நம்பல."

"நீன்னு தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா நம்பியிருப்பேன்."

"யாரோ ஒருத்தி சொன்னா நம்பக் கூடாதா? யார் வேணாலும் எழுதலாம்னுதானே போர்டு போட்டிருக்கீங்க?"

பார்சல் பிரிவில் இருபது கிலோ மூட்டையைத் தூக்கும்போதுகூட நிர்வாகிக்கு நெஞ்சு இப்படி அழுத்தியதில்லை. விதியாவது ஒன்றாவது, நாளைக்கு ஆபீசிலிருந்து பொத்தானை அழுத்திவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். மறுநாள் கணினியின் முன்னால் உட்கார்ந்ததும் அந்த ஆறு பேர் ஞாபகம் வந்தது. தன்னை நம்பி, தான் எழுதிய விதிகளை வரி வரியாகப் படித்து, அதன்படி சண்டை போடுகிற ஆறு ஜீவன்கள். அவர்கள் முகத்தில், முகம் தெரியாவிட்டாலும், எப்படி விழிப்பது? கையை எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் வால்நட்சத்திரம் எழுதினார்: "இருபதாம் விதிப்படி, வாக்கு சமமானால் மற்றொரு நிர்வாகி முடிவு செய்யலாம்."

மற்றொரு நிர்வாகி ஒருவர் இருக்கத்தான் செய்தார். பல் டாக்டர். களஞ்சியத்தை ஆரம்பித்ததே இவரும் அவரும்தான். நேரில் பழகிய ஒரே ஆளும் அவர்தான். ஞானப்பல்லுக்குத் தனிப் பக்கம் வேண்டுமா, பல் என்ற பக்கத்திலேயே ஒரு பத்தி போதுமா என்று இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. ஒரு பத்தி போதும் என்று இவர் விதியைக் காட்டினார். "உங்க விதிகளைக் கட்டிக்கிட்டு நீங்களே அழுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனவர்தான். அதன் பிறகு பேச்சு வார்த்தை இல்லை. அவருடைய நிர்வாகி பதவியை மட்டும் யாரும் பறிக்கவில்லை. அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் ஆறு பேரும் ஆளுக்கொரு காரணம் சொல்லித் தள்ளிப்போட்டுவிட்டார்கள்.

"போய்க் கேளுங்க" என்றாள் மனைவி.

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு?"

"இதே மூஞ்சியைத்தான். நானும் வரேன்."

மறுநாள் மாலை இரண்டு பேரும் பல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மனைவி ஒரு பெரிய பையில் பாழான துணிகளை எடுத்துக்கொண்டாள். நிர்வாகி வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். ஞானப்பல்லுக்கு ஒரு பக்கம் என்ன, முப்பத்திரண்டு பல்லுக்கும் தலைக்கு ஒரு பக்கம் கொடுத்துவிடலாம் என்ற நிலைமையில் இருந்தார்.

வரவேற்பறையில் நோயாளிகள் யாரும் இல்லை. பல் தேய்க்கும் முறையை விளக்கும் படத்துக்குக் கீழே வரிசையாகக் காலி நாற்காலிகள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த வரவேற்பாளர் நிமிர்ந்து பார்த்தாள்.

"பல்லுக்கா சார்?"

"இல்லம்மா. டாக்டரைப் பாக்கணும். களஞ்சியத்துலேருந்து வந்திருக்கேன்னு சொல்லுங்க. அவரோட சேர்ந்து ஆரம்பிச்ச நிர்வாகி. அவர் கோவத்துலதான் இருப்பார். நான் மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்னும் சொல்லுங்க."

"அதோட இந்தத் துணியையும் பாக்கச் சொல்லும்மா" என்று மனைவி பையைத் திறந்து, அந்தக் குழந்தையின் கவுனை எடுத்துத் தடுப்பின் மேல் வைத்தாள். "இதுக்கு அப்புறமும் ஒரு மனுஷன் வெந்நீர்னு சொன்னா சொல்லிக்கட்டும்."

வரவேற்பாளர் கவுனைத் தூக்கிப் பார்த்தாள். "ஐயோ, ரத்தமா? யாராவது வெந்நீர்ல போடுவாங்களா?" என்றாள்.

மனைவி திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவர் பல் தேய்க்கும் படத்தைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"ரெண்டு வருஷமா இந்தப் பக்கமே எட்டிப் பாக்காதவர்" என்றார் மெதுவாக. "தடை, வாக்கெடுப்பு, ஒண்ணுமே அவருக்குத் தெரிஞ்சிருக்காது. முதல்லேருந்து சொல்லணும்."

"எத்தனை பேருக்கு இதுவரைக்கும் சொல்லியாச்சு. இன்னும் ஒருத்தருக்குச் சொல்றதுல என்ன குறைஞ்சிடப்போகுது?" என்ற மனைவி, அவர் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள். அந்த வாரத்தில் அவள் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நிர்வாகிக்குக் கண் கலங்கிவிட்டது.

வரவேற்பாளர் கவுனை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. பிறகு அவள் வெளியே வந்து, இரண்டு பேரையும் உட்காரச் சொல்லிக் கை காட்டினாள்.

"டாக்டர் ஒரு வாரமாவே நோயாளிகளைக்கூட விட்டுட்டு இதே யோசனையாத்தான் இருக்கார் சார். பூச்சி, உப்பு, ஏணி மூணும் அன்னிக்கே சரின்னுடுச்சாம். கமாவும் பாலமும் வால்நட்சத்திரமும்தான் இன்னும் ஒத்துவரலையாம், உள்ள தனியா உக்காந்து பேசி சமாதானம் பண்ணிட்டுக் கூப்பிடறேன்னார்."