சுரண்டையிலிருந்து வந்த சாட்சி

இன்றைக்கு இரண்டிலொன்று பார்த்துவிடுவது என்று வேல்சாமி தீர்மானித்தது, ஆறிப்போன காப்பியில் ஆடை மிதப்பதைப் பார்த்தபோதுதான்.

வேல்சாமி தென்காசியில் ஒரு பெரிய வக்கீலிடம் குமாஸ்தா. கோர்ட்டு வாசலில் எப்பேர்ப்பட்ட கட்சிக்காரனையும் மிரட்டி மரத்தடியில் உட்கார வைத்துவிடுவார். வீட்டுப்படி ஏறினால் மட்டும் அவர் கட்சி தோற்றுக்கொண்டே இருக்கும். அங்கே எதிர்க்கட்சியும் மனைவி செண்பகவல்லி, ஜட்ஜும் செண்பகவல்லி.

செண்பகவல்லி பாளையங்கோட்டையில் எட்டாவது வரை படித்தவள். அந்தப் பள்ளிக்கூடத்தில் பூப்பந்தில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. கல்யாணத்தோடு மட்டை பரணுக்குப் போயிற்று. போன மாதம் தென்காசிப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு ஞானப்பூ என்று ஒரு தலைமை டீச்சர் வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? பின்பக்க மைதானத்தில் வலை கட்டி, ஆட விருப்பமுள்ள பொம்பளைகள் சாயங்காலம் வரலாம் என்று வீடு வீடாகச் சொல்லியனுப்பினார். மறுநாளே மட்டை பரணிலிருந்து இறங்கியது. வேல்சாமியின் சாயங்காலக் காப்பி பரணேறியது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள் செண்பகவல்லி. முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி, என் காப்பி என்னாச்சு?"

"அடுப்புமேல வச்சுட்டுத்தான போனேன்."

"ஆறிப்போச்சு."

"உங்க கோவமும் கொஞ்ச நேரத்துல ஆறிரும். இந்தாருங்க, சீசனுக்குக் குற்றாலத்துல பந்தயம் வைக்காவ. அம்பாசமுத்திரத்துப் பொம்பளைய வாராவ. அஞ்சு பேரு வேணும், நாங்க நாலு பேருதான் இருக்கோம்."

"அஞ்சாவது ஆளு கிடைக்கலேன்னா?"

"பந்தயமே இல்ல. மட்டை பழையபடி பரணுக்குத்தான்." சொல்லும்போது அவள் முகம் வாடிவிட்டது.

வேல்சாமி முகம் மலர்ந்துவிட்டது. ஐந்தாவது ஆள் ஆயுசுக்கும் கிடைக்கக் கூடாது என்று இலஞ்சிக் குமாரருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டார். ஆனால் சாமியை மட்டும் நம்பி வழக்கு நடத்தினால் குமாஸ்தா எதற்கு? பலமான சாட்சி ஒன்று வேண்டும்.

சாட்சி சுரண்டையில் இருந்தது. மாமியார் மூக்கம்மாள். மருமகனுக்கு எதிரே நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. என்ன பேசினாலும் கதவுக்குப் பின்னால் இருந்துதான். மகள் தெருவில் நின்று சிரித்தாலே ஊரைக் கூட்டுகிற அம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸைப் பிடித்து வேல்சாமி சுரண்டைக்குப் போனார்.

"அத்தை, உங்க மக வெட்டவெளியில சேலையை வரிஞ்சு கட்டிட்டுப் பந்தடிக்கா!"

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. "மாப்பிள்ளை சொல்லுதது நெசந்தானா? கூட யாரெல்லாம்?"

"டாக்டர் பொண்டாட்டி, டேசன் மாஸ்டர் பொண்டாட்டி, டீச்சரம்மா. நீங்க வந்து நாலு அடி அடிச்சாத்தான் சரியா வரும்."

"நாளைக்கே வருதேன்."

சொன்னபடி ஒரு ஓலைக்கொட்டான் கருப்பட்டியோடு வந்து இறங்கினாள் மூக்கம்மாள். புயல் அடிக்கட்டும் என்று வேல்சாமி ஆபீசில் சாவகாசமாக இருந்துவிட்டு வந்தார். வீடு அமைதியாக இருந்தது. மனைவியைத் தனியே கூப்பிட்டார்.

"அத்தை கேட்டாவளா?"

"கேட்டா."

"நல்லாக் கேட்டாவளா?"

"நறுக்குன்னு கேட்டா."

"அப்படி என்னதான் கேட்டாவ?"

"மட்டையை எந்தக் கையில பிடிக்கணும்னு கேட்டா."

எதையும் தீர விசாரிக்கிற சாட்சிதானே என்று வேல்சாமி தேற்றிக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் மெள்ளப் போய்ப் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

கடைசி வரிசையில் அவருடைய மாமியார். முந்தானை இடுப்பில், மட்டை கையில். காலமெல்லாம் உலக்கை பிடித்த கை அது. வலது ஓய்ந்தால் இடது என்று மாற்றி மாற்றிக் குத்திய கை. பந்து எந்தப் பக்கம் வந்தாலும் அந்தப் பக்கத்துக் கை காத்திருந்தது. நாலு அடி என்ன, நாற்பது அடி அடித்துக்கொண்டிருந்தாள்.

சட்டென்று சுவருக்கு மேலே மருமகன் தலை கண்ணில் பட்டது. அவ்வளவுதான். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வலை கட்டிய கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்துவிட்டாள்.

"ஆச்சி, பந்து!" என்று அலறினார் ஞானப்பூ டீச்சர்.

கம்பத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. ஒரே அடி. மஞ்சள் கம்பளிப் பந்து சுவர் வரைக்கும் பறந்து வந்து வேல்சாமியின் மூக்கில் உட்கார்ந்தது.

"ஏளா, மாப்பிள்ளைக்கு வலிக்குதான்னு கேளு," என்றது கம்பம். "வலிக்கலேன்னா பந்தை எடுத்துப் போடச் சொல்லு."

எடுத்துப் போட்டார். சாட்சி பிறழ்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபின் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மாப்பிள்ளை, சின்னப் பிள்ளையில பாண்டி விளையாடுனவ நான். அதுக்கப்புறம் இப்பதான் ஓடுதேன். நீங்க வந்து சொல்லலேன்னா இப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. நீங்க நல்லா இருக்கணும்."

எந்த வக்கீலாலும் குறுக்கு விசாரணை செய்ய முடியாத வாக்குமூலம். வேல்சாமி ஆறின காப்பியைக் குடித்தார்.

குற்றாலத்தில் பந்தயத்தன்று சாரல் பூவாய்த் தூவியது. அருவியில் குளித்த எண்ணெய்த் தலைகளோடு ஊரே வந்து நின்றது. ஆட்டம் கடைசிப் புள்ளி வரைக்கும் இழுத்தது. மூக்கம்மாள் பின்னாலிருந்து தூக்கிக் கொடுத்தாள். செண்பகவல்லி எம்பினாள்.

"அடிட்டி, என் ராசாத்தி!"

யார் இப்படிக் கத்துகிறது என்று வக்கீல் திரும்பிப் பார்த்தார். அவருடைய குமாஸ்தாதான். கையில் இருந்த குடை ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்தது.

ஜெயித்துவிட்டார்கள். ஒரு வாரம் தென்காசிக் கடைத்தெருவில் வேல்சாமி நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். அடுத்த வாரம், திருநெல்வேலியில் இன்னொரு பந்தயம் என்று செய்தி வந்தது. மாமியார் ஊருக்குப் போகிற பேச்சையே காணோம்.

வேல்சாமி கடைசி அப்பீலைப் போட்டார். பஸ் கண்டக்டரிடம் மாமனார் நல்லதம்பிக்குச் சொல்லியனுப்பினார்: பாவம், தனியே சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுவீர்கள், உடனே வாருங்கள். செண்பகவல்லி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மறுக்கவில்லை. அவளும் கண்டக்டரிடம் ஏதோ சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் மாமனார் வந்தே விட்டார். கையில் தகரப்பெட்டி, கக்கத்தில் தலையணை. மனைவியும் மாமியாரும் மைதானத்தில்.

"வாங்க மாமா! அத்தையைக் கூட்டிட்டுப் போகத்தான வந்திய?"

"அவளையா? அவ எதுக்கு?" என்று தலையணையைச் சுவரில் சாய்த்து, அதில் தானும் சாய்ந்துகொண்டார் நல்லதம்பி. "பந்தயம் முடியுத மட்டும் இங்கனதான் எனக்குச் சாப்பாடுன்னு எம்மக சொல்லிவிட்டா. ராத்திரிக்கு என்ன குழம்பு வைக்கப் போறிய, மாப்பிள்ளை?"